தொட்டிச் சுவரின் பொருக்கு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் கார் நின்றபோது காலை மணி பத்து. வெயில் பளிச்சென்று அடித்தது. மாடிக்கு மாடி துணி காய்ந்தது. ஏதோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

காரிலிருந்து இறங்கியவள் கட்டுமானப் பொருள் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறவள். கான்கிரீட்டில் விரிசல் ஏன் விழுகிறது, விழுந்ததை அதுவே மூடிக்கொள்ளும்படி செய்ய முடியுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நேரில் ‘மேடம்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘வெடிப்பு மேடம்’. அது அவளுக்கும் தெரியும். சொந்தக்காரர்களில் இரண்டு பேர் குதிகால் வெடிப்புக்கு அவளிடம் மருந்தே கேட்டிருக்கிறார்கள்.

பதின்மூன்று மாதத்துக்கு முன் இந்தக் குடியிருப்பின் நிலத்தடித் தண்ணீர்த்தொட்டி ஒழுகியது. பழைய சுவருக்கு உள்ளே, ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவு இடைவெளி விட்டுப் புதுச்சுவர் எழுப்பினார்கள். இடைவெளியில் அவளுடைய கலவையை ஊற்றினார்கள். அதில் சிமென்ட்டோடும் மணலோடும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உறங்கின. அவற்றுக்கான தீனியும் கலந்திருந்தது. விரிசல் வழியே தண்ணீர் பட்டால் அவை விழிக்கும். தீனியைத் தின்று சுண்ணாம்பாகக் கழியும். அந்தக் கழிவு விரிசலை அடைக்கும். நாற்பது நாளில் தீனி தீர்ந்து மறுபடி உறங்கிவிடும். கணக்கு அப்படித்தான்.

ஒழுக்கு நின்றுவிட்டது. இன்று சுவரில் துளை போட்டு ஒரு துண்டைச் சோதனைக்கு எடுத்துப் போனால் ஆராய்ச்சி முடிந்த மாதிரி.

துளை போடும் இயந்திரத்தோடு மேஸ்திரி அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அன்று கலவையை ஊற்றியவரும் அவர்தான். ஐம்பது வயது, தொப்பை, ஓயாத வாய்.

“இன்னைக்கு நான் உள்ள நுழையணுமா மேடம்? ஒல்லி இருந்தா எலி மாதிரி நுழைஞ்சிருவான். இந்த வயித்த வச்சுக்கிட்டு நான் மாட்டிக்கிட்டா, தொட்டிக்கு மூடியே வேணாம்.”

அவள் சிரிக்கவில்லை. ஒல்லி என்பது அவளுடைய ஆய்வுக்கூட உதவியாளருக்கு எல்லாரும் வைத்த பெயர். முப்பத்தெட்டு வயது, ஒரு மனைவி, பேச்சு குறைவு. கலவை ஊற்றிய அன்று மாலை காணாமல் போனவர் இன்றுவரை திரும்பவில்லை. யாரோ ஒருத்தியோடு ஓடிவிட்டார் என்றுதான் ஊரே பேசியது. போலீஸ் விசாரித்தபோது, “அஞ்சு மணிக்கே கிளம்பிட்டார். நான் பார்த்தேன்” என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அவள் பார்க்கவில்லை. வேறு எங்கே போயிருப்பார் என்ற எண்ணத்தில் எழுதியது. அன்று மகளின் பள்ளி நாடகத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், ‘சுவர் இடைவெளிக்குள் யாரும் இல்லை’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியவள் அவள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பெரிய செம்பில் தண்ணீரோடு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

“குடிச்சுப் பாருங்கம்மா. உங்க தொட்டித் தண்ணிதான். சர்க்கரையே போடல. எனக்கு மணிக்கட்டு உடைஞ்சு மாவுக்கட்டுப் போட்டாங்க. பத்தே நாள்ல கூடிருச்சு. டாக்டரே வாயப் பொளந்துட்டார்.”

அவள் குடித்தாள். லேசாக இனித்தது. விழுங்கிய பிறகும் தொண்டையில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. கஞ்சி ஆறினால் மேலே படியுமே ஒரு தோல், அதை விழுங்கியது போல.

தொட்டியின் ஒரு பாதியிலிருந்து தண்ணீரை முந்தின நாளே வெளியேற்றியிருந்தார்கள். இரும்பு மூடியைத் தூக்கியதும் மேஸ்திரி மூக்கைப் பொத்திக்கொண்டார். கெட்டுப்போன பாலின் வாடை. அதற்கு அடியில் இன்னொன்று: நாள்கணக்கில் கழற்றாத காலுறையை உரித்தால் வரும் வாடை.

காற்றாடியை உள்ளே ஓடவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தார்கள். வாடை கொஞ்சமும் குறையவில்லை. அவள் நீல மேலங்கியை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். மேஸ்திரி இயந்திரத்தோடு முனகியபடி பின்னால் வந்தார்.

கீழே தரை வழுக்கியது. விளக்கைச் சுவர்மேல் திருப்பினாள்.

சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய சுவர் வெளுத்துப்போய் ஈரமாகப் பளபளத்தது. நடுவில், ஆள் உயரத்துக்கு ஒரு நீண்ட விரிசல். அது மூடியிருந்தது; ஆனால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து மூடவில்லை. மஞ்சளும் பழுப்புமாகத் தடித்து, ஓரங்கள் உரிந்து, நடுவில் கசிந்து, காய்ந்தும் காயாமலும் இருந்தது.

“பொருக்கு” என்றார் மேஸ்திரி. “புண்ணு ஆறும்போது தட்டுமே, அந்த மாதிரி.”

அவள் கையுறையைக் கழற்றி விரல்நுனியால் தொட்டாள். தொட்டிருக்கக் கூடாது. வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தினால் அமுங்கியது, விட்டதும் மெல்ல எழுந்தது. விரலை முகர்ந்து பார்த்துவிட்டு மேலங்கியில் அழுத்தித் துடைத்தாள்.

நாற்பது நாள் தீனி. பதின்மூன்று மாதம் கழித்தும் இது எதைத் தின்று வளர்கிறது?

அப்போதுதான் பென்சில் குறிகளைப் பார்த்தாள்.

விரிசலை அளக்கிறவர்கள் அது எதுவரை வந்திருக்கிறது என்று ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் தேதி எழுதி வைப்பார்கள். இந்தச் சுவரிலும் கோடுகள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, ஏணிப்படி மாதிரி. முதல் தேதி, கலவை ஊற்றியதற்கு மறுநாள். அடுத்தது ஒரு மாதம் கழித்து. அதற்கடுத்த மாதம். அதற்கடுத்தது.

பதின்மூன்று மாதமாக இந்தப் பக்கம் தலைக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தது. ஒருவரும் உள்ளே வந்ததில்லை.

எண் ஏழின் நடுவே சின்னக் குறுக்குக்கோடு. அப்படி எழுதுகிறவர் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒருவர்தான்.

கடைசிக் கோட்டில் இன்றைய தேதி இருந்தது.

“மேடம்…” மேஸ்திரியின் குரல் சுருங்கிவிட்டது. “இது ஒல்லி கையெழுத்து இல்ல?”

“துளை போடுங்க” என்றாள். அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

கான்கிரீட்டில் துளை போட்டால் பல் கூசும் சத்தம் வரும். சாம்பல் குழம்பு வழியும். இயந்திரத்தின் முனை முதல் மூன்று விரற்கடை தூரம் அப்படித்தான் போனது. பிறகு சத்தம் நின்றது. மோட்டார் மட்டும் ஓட, முனை வெண்ணெய்க்குள் போவது போல வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. துளையிலிருந்து கொழகொழவென்று வெண்பழுப்பாக ஏதோ வழிந்து மேஸ்திரியின் முழங்கையில் சொட்டியது. அதில் கட்டிகள் இருந்தன.

அவர் இயந்திரத்தை நிறுத்தி, உருளையான துண்டை உருவி அவள் கையில் வைத்தார்.

முதலில் சாம்பல் கான்கிரீட். அடுத்து வெள்ளைச் சுண்ணாம்பு. அதற்கும் அடுத்து, இரண்டு விரல் தடிமனுக்கு, மெழுகு போல மஞ்சளான ஒன்று. மஞ்சளின் ஓரத்தில் வட்டமாக வெட்டுப்பட்ட ஒரு துணி.

நீலத் துணி. அவள் அணிந்திருந்த மேலங்கியின் அதே நீலம்.

மெழுகின் வெட்டுமுகத்தில் மயிர்க்கால்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு புள்ளியிலிருந்து ஒரு முடி, நெல்லளவு, வெளியே நீண்டது.

அவள் துண்டைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். சற்று முன் குடித்த தண்ணீர் வந்தது. இனித்துக்கொண்டே வந்தது. இந்தத் தண்ணீரைத்தான் அறுபது வீட்டிலும் குடித்தார்கள், சமைத்தார்கள், குழந்தைக்குப் பால் கரைத்தார்கள். அந்த நினைப்பில் இரண்டாம் முறையும் எடுத்தாள்.

மேஸ்திரி துளையில் ஒட்டியிருந்த எதையோ எடுக்க விரலை விட்டிருந்தார்.

“ஐயோ! பிடிக்குது மேடம்! பிடிக்குது!”

இழுத்து விடுவித்துக்கொண்ட விரல் வெளுத்து, நனைந்து, சுருங்கியிருந்தது. அதை உடம்பிலிருந்து தள்ளியே பிடித்துக்கொண்டார்.

“சப்புது. கைக்குழந்தை சப்புற மாதிரி சப்புது.”

துளையின் விளிம்பில் ஈரமான ஒரு வளையம் தடித்து எழும்பியது. ஐந்து விரல் நுழைந்த துளையில் இப்போது நான்குதான் நுழையும்.

மூன்று.

அது மூடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி அவள் அருகில் வந்தார். ஓயாத வாய்க்காரர் இப்போது ரகசியக் குரலில் பேசினார்.

“மேடம், அன்னைக்கு ஊத்துறதுக்கு முன்னாடி நீங்க கையெழுத்துப் போட்ட தாளப் பார்த்துட்டுதான் நான் மோட்டாரப் போட்டேன். உள்ள நச்சுக் காத்துல மயங்கிக் கிடந்திருப்பான். சத்தமே வரல. சத்தியமா ஒரு சத்தமும் வரல.”

அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு ரெண்டு பொண்ணு. உங்களுக்கு ஒண்ணு. இன்னும் அஞ்சு நிமிஷம் சும்மா நின்னா போதும். அதுவே மூடிக்கும். வேற இடத்துல ஒரு துண்டு எடுத்துட்டு மேல போயிருவோம். யாருக்குத் தெரியப்போகுது?”

அவள் துளையைப் பார்த்தாள். பதினாறு வருட உழைப்பு கண்முன்னால் வேலை செய்துகொண்டிருந்தது. இவ்வளவு வேகமாக, இவ்வளவு சுத்தமாக எந்தச் சுவரும் மூடிக்கொண்டதில்லை. ஒல்லியின் மனைவி ஆய்வுக்கூடத்து வாசலில் நின்று, “அக்கா, போறப்ப ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டது நினைவுக்கு வந்தது. மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் இல்லை என்று இவள் தலையாட்டினாள்.

இரண்டு விரல்.

அவள் தரையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துத் துளைக்குள் செருகினாள்.

“மேல போய் போலீசுக்குப் போன் பண்ணுங்க.”

“மேடம், யோசிச்சுப் பாருங்க…”

“போங்க. இல்லேன்னா நானே இங்கிருந்து கத்துவேன்.”

அவர் ஏணியில் ஏறும்போது அழுதார்.

கம்பியைச் சுற்றிச் சதை போல அது இறுகியது. அவள் அசைத்து அசைத்து இளக்கினாள். கம்பி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது விரலை விட்டாள். பொருக்கின் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தாள். ஈர அட்டை மாதிரி கிழிந்து வந்தது. உரித்த இடத்தில் முத்து முத்தாகக் கசிந்து உடனே தோல் கட்டியது. மறுபடி உரித்தாள். கை முழுக்கக் கொழகொழப்பு. அது முழங்கை வரை ஏறி, காய்ந்து இறுக்கியது. வாடை இப்போது வாய்க்குள்ளேயே இருந்தது. எச்சில் விழுங்க அருவருத்து எச்சிலைத் துப்பிக்கொண்டே உரித்தாள்.

ஒருமுறை விரல்கள் ஆழமாகப் போய்விட்டன. உள்ளே ஏதோ வரிசையாக, சின்னச் சின்னதாக, கடினமாக இருந்தது. பல்வரிசை என்று புரிந்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

பிறகு திரும்பவும் விட்டாள். விடாவிட்டால் மூடிவிடும்.

“மூட விடமாட்டேன்” என்று சொன்னாள். “மன்னிச்சிருங்க. மூட விடமாட்டேன்.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

சர்… சர்…

பென்சில் கோடு கிழிக்கும் சத்தம்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். சத்தம் நின்றது. மூச்சு விட்டாள். சத்தம் தொடர்ந்தது. பக்கத்திலேயே, காதுக்கு நேராக, நிதானமாக, அவசரமே இல்லாத ஒருவர் எழுதுவது போல.

மேலே காலடிகள் கேட்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. போலீஸ்காரர்கள் இறங்கியபோது அவள் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை சுவருக்குள் விட்டபடி நின்றிருந்தாள். வெளியே இழுக்க எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது.

சுவரை உடைக்க இரண்டு நாள் ஆயிற்று. உடைத்த இடம் காலையில் மூடியிருக்கும் என்பதால் ஆள் மாற்றி ஆள் உடைத்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே கிடைத்ததை உடல் என்று சொல்ல டாக்டர்கள் தயங்கினார்கள். உட்கார்ந்த நிலையில் ஓர் உருவம், மஞ்சள் மெழுகும் சுண்ணாம்புமாக, சுவரோடு சுவராக வேர்விட்டு. எங்கே மனிதர் முடிகிறார், எங்கே கான்கிரீட் தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. முடி மட்டும் தோள்வரை வளர்ந்திருந்தது. நீல மேலங்கியின் பையில் ஒரு செல்போனும் வீட்டுச் சாவியும் கிடைத்தன.

ஒல்லியின் மனைவி தன் அண்ணனோடு வந்திருந்தாள். துணி மூடிய ஸ்ட்ரெச்சர் அருகே வந்து நின்றாள்.

“ஓடிப் போகலையா?” என்று கேட்டாள். யாரிடம் கேட்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. “இவர் சட்டை எல்லாத்தையும் நான் எரிச்சுட்டேனே.”

பிறகு நிமிர்ந்து, கையில் கட்டோடு நின்ற ஆராய்ச்சியாளரைப் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

“பார்த்தேன்னு சொன்னீங்களேக்கா.”

தான் பார்க்கவில்லை என்று ஆராய்ச்சிக்காரி அந்த வாக்குமூலத்தை அன்றே மாற்றி எழுதிக் கொடுத்தாள். படிவத்தைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் ஒன்று விடாமல் எழுதினாள். வேலை போயிற்று. வழக்கு நடக்கிறது. மேஸ்திரி அவள் போனை எடுப்பதில்லை.

குடியிருப்பில் செய்தி தெரிந்த அன்று படிக்கட்டெல்லாம் வாந்தி. தொண்டையில் விரல் விட்டு எடுத்தவர்கள், கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியவர்கள், நடு முற்றத்தில் நின்று அவளைச் சபித்தவர்கள். எல்லாவற்றையும் நின்று கேட்டாள். கூட்டம் கலைந்த பிறகு செயலாளர் மெதுவாக அவள் பக்கத்தில் வந்தார். போலீஸ் தொட்டியை மூடியதிலிருந்து லாரித் தண்ணீர் குடித்து நான்கு நாள் ஆகியிருந்தது. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அக்கம்பக்கம் பார்த்தார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. இந்தத் தண்ணி ஒத்துக்கல. கையி மறுபடி வலிக்குது. அந்தப் பழைய தண்ணி… சோதனைக்குன்னு பாட்டில்ல எடுத்து வச்சிருப்பீங்கல்ல? ஒண்ணே ஒண்ணு கிடைக்குமா?”

கேட்டது அந்த ஒருவர்தான் என்று நினைத்தாள். அன்று மாலைக்குள் இன்னும் ஏழு பேர் கேட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. தொட்டியை இடித்த கல்லை ஏற்றிப் போன லாரி ஓட்டுநர்.

“மேடம், உங்க நம்பர் தொட்டி வேலைச் சீட்டுல இருந்துச்சு. கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா? எங்க முதலாளி என்னைத் திட்டுறாரு. நான் என்ன பண்ணுவேன்?”

ஊருக்கு வெளியே, செடிகூட முளைக்காத ஒரு பொட்டல். கட்டட இடிபாடுகளைக் கொட்டும் இடம். உச்சி வெயில். ஈக்கள் மொய்க்கும் ஓசை அவளுக்குத் தூரத்திலேயே கேட்டது. ஓட்டுநர் சின்ன வயதுக்காரர், வாய் நிறையச் சிரிப்பு.

“ஏத்துறப்ப நூறு துண்டு. கையால அள்ளிப் போட்டோம். இறக்குறப்ப ஒரே துண்டு மேடம். லாரியோட ஒட்டிக்கிச்சு. கடப்பாரை போட்டுத்தான் பேர்த்துத் தள்ளினோம். இப்பப் பாருங்க.”

குவியலாகக் கிடக்க வேண்டியது ஒரே மேடாகக் கிடந்தது. கல்லுக்குக் கல் நடுவே மஞ்சளாகப் பொருக்கு ஓடியிருந்தது. அத்தனை வெயிலிலும் ஈரமாக இருந்தது. ஈக்கள் உட்கார்ந்தவை திரும்ப எழவில்லை; கால்கள் ஒட்டிக்கொள்ள, இறக்கையை மட்டும் அடித்து அடித்து, மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தன.

அவள் நான்கு அடி தள்ளியே நின்றாள்.

“நீங்க இதைத் தொட்டீங்களா?”

“தொடாம எப்படி? கடப்பாரை வழுக்கி உள்ளங்கை கிழிஞ்சிருச்சு. இவ்வளவு நீளம்! ஆனா தையலே போடல. ரெண்டே நாள். கட்டுகூட இல்லாம மூடிக்கிச்சு.” பெருமையாகச் சொன்னவர் சற்றுத் தயங்கினார். “ஒண்ணுதான் மேடம். நடுவுல ஏதோ வளருது. நேத்துக்கூட வெட்டிவிட்டேன். நீங்க படிச்சவங்க, பார்த்துச் சொல்லுங்க.”

கையை நீட்டி விரித்தார்.

உள்ளங்கையின் குறுக்கே பழுப்பாக ஒரு பொருக்கு. அதன் மத்தியில், சதையிலிருந்து முளைத்து, ஒரு நகம். முழு வளர்ச்சியடைந்த ஆண்பிள்ளையின் நகம். அதன் இடுக்கில் காய்ந்த சிமென்ட் அழுக்கு.

“வலிக்குதா?” என்று கேட்டாள்.

“வலியே இல்ல. அரிக்கும், அவ்வளவுதான்.”

அவர் கையை அசைக்கவே இல்லை. ஐந்து விரலையும் விரித்தபடி, சிரித்த முகத்தோடு அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்.

அவருடைய தோலுக்கு அடியில், விரல் மடங்குவது போல, அது மெல்ல மடங்கியது.